ஆமாஞ்சாமி சொன்ன ஒரே இல்லை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி அந்த கேம் கம்பெனியின் இருபத்திரண்டு பேருக்கும், டீ கொண்டுவருகிறவருக்கும், வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிக்கும் அவர் ஆமாஞ்சாமி. சுருக்கமாக, சாமி. எதைக் கேட்டாலும் 'ஆமா' போடுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஏசி அதிகமாக இருக்கிறதா என்றால் ஆமா. அடுத்தவர் வந்து, ஏசி வேலையே செய்யவில்லை போலிருக்கிறதே என்றால் அதற்கும் ஆமா. ஒரு தடவை இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டு, ஒருவர் "இன்னிக்கு மழை கொட்டப் போகுது சாமி" என்றும், இன்னொருவர் ஐந்து நிமிடம் கழித்து "மழைக்கு வாய்ப்பே இல்ல, என்ன சாமி?" என்றும் போய் நின்றார்கள். இரண்டு பேருமே ஜெயித்தார்கள்.

அவர் பொய்யர் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்கு அந்த எண்ணம் வரலாம். அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். வண்டி ஓடாமல் வீட்டில் இருக்கும் நாட்களில் அந்த மனிதரின் கேள்விகளுக்கு அடி வாங்காத பதில் ஒன்றுதான் உண்டு. எட்டு வயதுக்குள் மகன் அதைக் கற்றுக்கொண்டுவிட்டான். ஆமா என்றால் பேச்சு முடிந்துவிடும், அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அதுதான் வசதியாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவருடைய மனைவி தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு உண்மையாவே என்னப் பிடிச்சிருக்கா, இல்ல வீட்ல சொன்னாங்கன்னு தலையாட்டுறீங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் இவர். அது எந்தக் கேள்விக்குச் சொன்ன ஆமா என்பது இருபது வருடமாகியும் அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவருக்கு அமைந்த வேலையே ஆமா இல்லை என்று பிரித்து வைக்கிற வேலை. கேம் ஓடும்போது எது எப்போது நடக்க வேண்டும் என்பதை ஸ்கிரிப்ட்டாக எழுதுவார். அதில் பெரும்பங்கு பூலியன். பெயர் மிரட்டினாலும் விஷயம் சாதாரணம்தான். ஒரு பெயர் வைத்து, அதற்கு நேராக ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று எழுதினால் அது ஒரு பூலியன். ட்ரூ என்றால் ஆமாம், ஃபால்ஸ் என்றால் இல்லை. 'சாவி கிடைத்தது' என்று ஒன்று. அது ட்ரூ ஆனால்தான் கதவு திறக்கும். 'நாய்க்குச் சோறு வைத்தான்' என்று ஒன்று. அது ட்ரூ ஆகிவிட்டால் நாய் அதன்பிறகு உங்களைப் பார்த்துக் குரைக்காது. பாதி ஆமா, பார்க்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. 'இல்லை' என்று எழுத ஒரு குறுக்கு வழியும் உண்டு, பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் போதும். வாயால் சொல்ல வராத அந்த வார்த்தையை ஆமாஞ்சாமி விரலால் ஒரு நாளைக்கு இருநூறு தடவை போட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனியின் பெயர் சொல்லும் கேம் ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஆறு ஓடும் ஓர் ஊர். ஆடுகிறவர் தபால்காரர். இக்கரையில் கடிதத்தை வாங்கி, ஒரு படகுக்காரியின் படகில் ஏறி, அக்கரையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பதினோரு வருடத்தில் அந்த ஊருக்குள் ஆயிரத்து எண்ணூறு பூலியன் சேர்ந்துவிட்டது. எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் ஆமாஞ்சாமி. அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பாததற்கு அதுதான் காரணம், அவருடைய நல்ல குணம் இல்லை.

இனி குட்டி. அவருடைய மனைவிக்குச் சித்தி மகள், வீட்டில் கடைக்குட்டி. வயது முப்பத்தேழு ஆகி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குத் தாயாகியும் பெயர் குட்டியாகவே நின்றுவிட்டது. புருஷன் இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்ட பிறகு, அம்மாவும் மகளுமாக அண்ணன் வீட்டில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் அறையில் இருந்தார்கள். துணி துவைக்கிற நேரத்தில் படிக்க முடியாது என்று மகள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை கதவைத் தட்டி "மெஷின் போட்டுக்கட்டுமா?" என்று அனுமதி கேட்பாள் பாருங்கள், அதில் இருந்தது எல்லாம்.

குட்டிக்கு ஒரு விசித்திரமான திறமை இருந்தது. எந்த கேமை அவள் கையில் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் அதை எங்காவது சிக்க வைத்துவிடுவாள். சுவருக்குள் நடந்து போவாள், செத்தவனிடம் பேச்சுக் கொடுப்பாள், ஒரே கடிதத்தை மூன்று பேருக்குக் கொடுப்பாள். உலகத்தில் இதற்குப் பெயர் டெஸ்டிங், இதற்கு ஆள் தேடுகிறார்கள் என்பது ஆமாஞ்சாமிக்குத் தெரியும். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் மேனேஜரிடம் போய் வாய் திறந்து ஒன்று கேட்டார். மேனேஜரும் ஆச்சரியத்திலேயே சரி என்றுவிட்டார். ஆறு மாதம் சோதனைக்காலம், திருப்தியாக இருந்தால் நிரந்தரம்.

வீட்டில் "அத்தான்" என்று கூப்பிடுகிறவள் ஆபீஸில் முதல் நாளே "சார்" என்று மாற்றிக்கொண்டாள். வேலையில் கெட்டி. ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, மகள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட ஒரு போர்ஷனைப் பார்த்துவைத்தாள். வேலை நிரந்தரம் என்ற கடிதத்தைக் காட்டினால் சாவியைத் தருகிறேன், மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மகள் அந்தச் சின்ன அறையில் எந்த மூலையில் மேசை போடுவது என்று நோட்டில் படம் வரைந்து வைத்துக்கொண்டாள். எல்லாம் அந்த ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் படகுக்காரிக்குக் கோபம் வந்தது.

கேமுக்குப் புது அப்டேட் போகவிருந்தது. அதில் மேனேஜருக்கு ஓர் ஆசை. ஆடுகிறவர் அக்கரையில் இறங்கும்போது துடுப்பை உடைத்தால் படகுக்காரி கோபித்துக்கொண்டு திரும்பப் படகில் ஏற்றக் கூடாது, அங்கேயே இருக்கும் தச்சரிடம் புதுத் துடுப்பு வாங்கிக் கொடுத்தால் சமாதானம் ஆக வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு பூலியன் தேவைப்பட்டது. 'கோபம்' என்று வைப்பதுதான் முறை. ஏனென்றால் புதிதாகப் பிறக்கும் எந்த பூலியனும் யாரும் தொடாதவரை ஃபால்ஸாகத்தான் இருக்கும். 'கோபம்' ஃபால்ஸ் என்றால் அவள் சும்மா இருக்கிறாள், யாருக்கும் தொந்தரவில்லை. அதனாலேயே இந்தத் தொழிலில் எதிர்மறையாகப் பெயர் வைக்காதே என்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆமாஞ்சாமியே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மேனேஜர் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "கோபமில்லைன்னே பேர் வெச்சிடுங்க சாமி. 'கோபமில்லைன்னா ஏத்திக்கோ'ன்னு படிக்க நல்லா இருக்கும். சரிதானே?"

"ஆமா" என்றார் ஆமாஞ்சாமி.

முறை தெரிந்தவர்தான். சொன்னால் மேனேஜர் இரண்டு நிமிடம் வாதாடுவார், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்து 'கோபமில்லை' என்று எழுதினார். புது ஆட்டம் தொடங்குகிறவர்களுக்கு அது ட்ரூ ஆகும்படி ஒரு வரியும் சேர்த்தார். ஏற்கெனவே பாதி ஆடிவிட்டு நிறுத்தி வைத்திருப்பவர்களை மறந்துவிட்டார். அவர்களுடைய பழைய சேமிப்பில் இந்தப் பெயரே கிடையாது. இல்லாத பெயருக்கு மதிப்பு ஃபால்ஸ். கோபமில்லை என்பது பொய், ஆக அவளுக்குக் கோபம். துடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காத அத்தனை பேர் மேலும் கோபம். சமாதானம் செய்யத் துடுப்பு வேண்டும், துடுப்பு அக்கரையில் இருக்கிறது, அக்கரைக்குப் போக அவள் ஏற்றிக்கொள்ள வேண்டும். கதை அங்கேயே நின்றுவிட்டது.

குட்டி இதைக் கண்டுபிடித்தாள். அதற்குத்தானே அவள் இருந்தாள். அப்டேட் போக மூன்று நாள் இருக்கும்போது, தன் பழைய சேமிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் மேசைக்கு வந்தாள். வழக்கமாக என்றால் பிழைப் பட்டியலில் எழுதியிருப்பாள். ஆனால் அப்டேட் வாரத்தில் பட்டியலில் எதையும் புதிதாக ஏற்றக் கூடாது, முதலில் ஸ்கிரிப்ட் எழுதினவரிடம் வாயால் கேள், அவர் பிழை என்று சொன்னால் மட்டும் ஏற்று என்பது மேனேஜரின் கட்டளை. கேமை வெளியிடுகிற பெரிய கம்பெனி அந்தப் பட்டியலைப் பார்க்கும், அது சுத்தமாகத் தெரிய வேண்டும்.

"சார், படகுக்காரி என்ன ஏத்திக்கவே மாட்டேங்குறாங்க. நான் துடுப்பையே தொடல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உட்காந்திருக்காங்க. இது இப்படித்தானா?"

ஆமாஞ்சாமி அப்போது வேறொரு சிக்கலில் தலையைக் கொடுத்திருந்தார். சோறு வைத்த பிறகும் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆமா ஆமா" என்றார்.

"நிஜமாவா? காரணமே இல்லாமயா?"

"ஆமாம்மா. அவ கோவக்காரி."

குட்டி சிரித்தாள். "எங்க அண்ணி மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் தாளில் அந்த வரிக்கு நேரே சரி போட்டாள்.

திங்கட்கிழமை அப்டேட் போனது. மதியத்துக்குள் ஆயிரக்கணக்கான தபால்காரர்கள் பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றார்கள். சிலர் மூன்று வருடமாக ஆடியவர்கள். திட்டாத திட்டில்லை. ஆமாஞ்சாமி காரணத்தைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார், ஒட்டுப் போட்டும் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தத் திருத்தம் பெரிய கம்பெனியின் சோதனைகளைத் தாண்டி ஆடுகிறவர்கள் கைக்குப் போய்ச் சேர ஆறு நாள் பிடிக்கும். அதற்குள் அங்கிருந்து கேள்வி வந்துவிட்டது. இது எப்படி நடந்தது, யார் பொறுப்பு, வியாழக்கிழமைக்குள் எழுத்தில் வேண்டும்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்ணாடி அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மேனேஜர், ஆள் நிர்வாகம் பார்க்கும் அம்மா, குட்டி, ஆமாஞ்சாமி. மேனேஜர் முன்னால் ஒரு ஃபைல் திறந்து கிடந்தது. அவர் கத்தவில்லை. கத்தினால்கூடத் தேவலை. யாரையாவது உண்டு இல்லை என்று ஆக்காமல் விடமாட்டேன் என்று காலையில் டீ குடிக்கும் இடத்தில் சொன்னவர், இப்போது மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"டெஸ்டிங்ல இது எப்படித் தப்பிச்சது?"

"தப்பிக்கல சார்" என்றாள் குட்டி. "நான் பாத்தேன். வெள்ளிக்கிழமையே சார்கிட்ட வந்து சொன்னேன். இப்படித்தான்னு சொன்னாங்க. அதான் விட்டுட்டேன்."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. பயப்பட வேண்டிய காரணம் அவளுக்கு எதுவும் இல்லை, உண்மையைச் சொன்னாள், சாட்சி எதிரே உட்கார்ந்திருந்தது. சாட்சி அவளுக்கு அக்கா புருஷன் வேறு.

மேனேஜர் சாட்சியைப் பார்த்தார். அவர் கேட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். சொன்னார்களா என்று கேட்கவில்லை.

"சாமி, இவங்க உங்ககிட்ட எதுவும் சொல்லலையே?"

ஆமாஞ்சாமியின் நாக்கில் ஆமா தயாராக இருந்தது. அதை அவர் பல்லைக் கடித்துத் தடுத்தார். இந்தக் கேள்விக்கு ஆமா போட்டால் குட்டி பொய்க்காரி ஆகிவிடுவாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்பத்தாறு வருடத்தில் பிறத்தியார் முகத்துக்கு நேரே சொல்லாத அந்த வார்த்தையை அவர் சொன்னார்.

"இல்ல..."

இல்ல, சொன்னாங்க. அதுதான் முழு வாக்கியம். இன்னும் ஒரே ஒரு வார்த்தை.

"அவ்வளவுதான்" என்றார் மேனேஜர். "அவரே இல்லைன்னுட்டாரு." ஃபைலை மூடினார்.

நம் பேச்சில் இந்த வார்த்தைக்கு இப்படி ஒரு சாபக்கேடு. சொல்லலையே என்று கேட்டவனிடம் இல்லை என்று ஆரம்பித்தால், இல்லை சொல்லவில்லை என்றும் போகலாம், இல்லை சொன்னார்கள் என்றும் போகலாம். கேட்கிறவன் தனக்கு வேண்டிய பக்கம் இழுத்துக்கொள்வான். ஸ்கிரிப்ட்டில் இப்படி ஓர் ஆச்சரியக்குறியை அந்தரத்தில் விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்கு நகராது, முதலில் இதை முடி என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டு நிற்கும். மனிதர்களுக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது.

அதற்காக மொழியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. ஃபைல் மூடிய பிறகும் அந்த அறையில் அவர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஆள் நிர்வாகம் பார்க்கும் அம்மா ஒரு படிவத்தைத் தேடி எடுத்தார், பேனா எழுதவில்லை, இன்னொரு பேனா வாங்கினார். சோதனைக்காலத்தை நீட்டிப்பதற்கில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார். ஆமாஞ்சாமி மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார். நான் இந்த மனிதரை எத்தனையோ தடவை மன்னித்துப் பார்த்திருக்கிறேன், இந்த இடத்தில் மட்டும் என்னால் முடிவதில்லை.

குட்டி தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அவர் தன் இடத்தில் உட்கார்ந்து, 'கோபமில்லை' என்ற பெயரை 'கோபம்' என்று மாற்ற ஆரம்பித்தார். நாற்பத்து மூன்று இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றாகப் போய், முன்னால் ஆச்சரியக்குறி சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்து, எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, வெகு கவனமாகச் செய்தார். அன்றைக்கே செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினால் குட்டியின் நாற்காலி மேசைக்குள் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

சேதி சித்தி வழியாக வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, குட்டி உங்ககிட்ட முன்னாடியே சொன்னாளா, சொல்லலையா?"

"ஆமா."

"எதுக்கு ஆமா? ஒழுங்காச் சொல்லுங்க."

"சொன்னா."

"அப்ப மீட்டிங்ல நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன்."

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். "எங்க இடத்துல ரிப்போர்ட்ல பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிப் போச்சுன்னா, அன்னிக்கே அந்த ஆள் வீட்டுக்கு ஃபோன் போட்டுத் திருத்துவோம். வேலை போனாலும் பரவால்லன்னு திருத்துவோம்" என்றார். பிறகு ஒரு சட்டையை எடுத்து மடித்தார். "மூணு நாளாச்சு."

மூன்று நாள் பத்து நாள் ஆனது. குட்டியைப் பார்க்க மனைவி தனியாகவே போய் வந்தார். மாதக் கடைசி தாண்டியது, அந்தப் போர்ஷனுக்கு வேறு குடும்பம் குடிவந்தது. பார்சல் கம்பெனிக் கிடங்கில், வருகிற பெட்டிகளின் மேல் ஸ்கேன் செய்யும் மெஷினைக் காட்டிக் காட்டி அனுப்பும் வேலை குட்டிக்குக் கிடைத்தது. டெஸ்டர் வேலைக்கு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாளாம். ஆறே மாதத்தில் ஏன் வெளியே வந்தீர்கள் என்ற கேள்வியோடு அது முடிந்துபோனதாம். மகள் திரும்பவும் மொட்டை மாடியில் படித்தாள்.

பத்தொன்பதாம் நாள் ஆமாஞ்சாமி மேனேஜர் அறைக்குப் போய் நின்றார். கதவைச் சாத்தினார். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். "குட்டி என்கிட்ட சொன்னாங்க சார். நான்தான் கவனிக்காம ஆமான்னுட்டேன். பேர் வெச்சதும் தப்பு, பழைய சேமிப்ப மறந்ததும் நான்தான். அன்னிக்கு இல்லன்னது, 'இல்ல, சொன்னாங்க'ன்னு சொல்ல வந்தேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும் சாமி."

ஆமாஞ்சாமிக்குப் புரியவில்லை.

"பதினோரு வருஷமாப் பாக்குறேன் உங்கள. நீங்க இல்லன்னு ஆரம்பிச்சா என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? பெரிய கம்பெனிக்கு ஒரு ஆளக் காட்டணும். உங்களக் காட்டினா அந்த ஆயிரத்து எண்ணூறையும் யார் பாக்குறது? என்னக் காட்டினா உங்க எல்லாருக்கும் வேலை இல்ல. அவங்க சோதனைக்காலத்துல இருந்தாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்களும் பேசாம இருந்தீங்க. அதனால விஷயம் சுமுகமா முடிஞ்சுது."

"எழுதிக் கொடுத்துடுறேன் சார். என் தப்புன்னு."

"யாருக்கு? பெரிய கம்பெனிக்காரங்க அடுத்த கேம வேற கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்க, நேத்து மெயில் வந்துச்சு. இங்க இன்னும் ஆறு மாசம் எத்தன பேர் இருப்போம்னே தெரியல. இதுல எங்க போய் அவங்களத் திரும்பக் கூப்பிடுறது?" அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "விடுங்க. போய் வேலையப் பாருங்க. சரியா?"

ஆமாஞ்சாமி எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் அதை ஆமா என்றே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவர் கிடங்குக்குப் போனார். தகரக் கூரை, உள்ளே நான்கு பெரிய மின்விசிறிகள், நடுவில் பெட்டிகள் நகரும் பட்டை. குட்டி பட்டையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் மேற்பார்வையாளரிடம் கையைக் காட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். கழுத்தில் வியர்வை. கையில் அந்த மெஷின் அப்படியே இருந்தது.

"என்ன அத்தான், இவ்ளோ தூரம்? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல... நல்லா இருக்கா." அந்த வார்த்தையைச் சொன்னதும் அவருக்கே வாய் கசந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த ரூம்ல... நீ சொல்லலன்னு நான் சொல்லல. இல்ல, சொன்னாங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அதுக்குள்ள மாத்தி எடுத்துக்கிட்டாரு. நேத்து போய்ச் சொல்லிட்டேன். ஒண்ணும் நடக்கல. ஆனா நீ என்னத் தப்பா நினைச்சுக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது அது இல்ல."

மூச்சு வாங்க நின்றார். இத்தனை 'இல்லை'யை அவர் ஒரே நாளில் சொன்னதில்லை. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"எனக்குத் தெரியும் அத்தான்" என்றாள் குட்டி.

"தெரியுமா?"

"உங்க வாயில இருந்து இல்லன்னு ஒரு வார்த்தை நான் அன்னிக்குத்தான் கேட்டேன். அப்பவே புரிஞ்சுபோச்சு, எனக்காகத்தான் சொல்றீங்கன்னு. எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்த வார்த்தை இப்ப வரும், இப்ப வரும்னு உங்க மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். அவர் ஃபைல மூடினாரு, அப்பவும் பாத்தேன். அந்தம்மா பேனா தேடினாங்களே, அப்பவும் பாத்தேன்."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்று குரல் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று ஆமாஞ்சாமி தேடினார். கிடைக்கவில்லை.

"மேசையக் காலி பண்றதுக்கு என்ன இருக்கு, ஒரு கப்பு, ஒரு சால்வை. அதையே கால் மணி நேரம் எடுத்து எடுத்து வெச்சேன். நீங்க திரும்பவே இல்ல. சரி, வெளியவாவது வருவீங்கன்னு நினைச்சேன்." மெஷினை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "லிஃப்ட் ரெண்டு தடவை வந்துச்சு அத்தான். மொதத் தடவை நான் ஏறல."